பிறர் தந்த நூலும் தம் அடையாளமும்: யப்பானியரும் தமிழரும்

முன்னுரை

ஓர் இனம் தன் எழுத்தையும் நூலறிவையும் ஒழுக்க நெறிகளையும் பிறரிடமிருந்து பெற்றுக்கொள்ளுமாயின், அது தன் தனித்தன்மையை இழந்துவிடுமா? புலம்பெயர்ந்து வாழும் தமிழ்ப் பெற்றோர் பலரின் உள்ளத்தில் நிலைத்திருக்கும் வினா இது. வாரத்தில் ஐந்து நாட்கள் ஜேர்மன் மொழியிற் கல்வி கற்று, வார இறுதியில் ஒருசில மணிநேரம் மட்டுமே தமிழ் பயிலும் நம் பிள்ளைகள், நாளை தம்மை யாரென்று கூறுவார்கள் என்ற கவலையே இவ்வினாவை எழுப்புகின்றது.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் யப்பானியர் இதனை எதிர்கொண்டனர். அதற்கும் முன்னரே நம் இலக்கண ஆசிரியர்கள் இதற்கு விடை தேடினர். அவ்விரு வரலாறுகளையும் ஒப்புநோக்கி, அவை நமக்குத் தரும் படிப்பினையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். யப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழும் யப்பானிய மொழியும் உறவுடையன என்ற கருத்தை முன்வைத்தார் என்பதும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸ் அவருடன் இணைந்து ஆய்வு செய்தார் என்பதும் நம்மவர் பலர் அறிந்த செய்திகள். எனினும், மொழியியலாளரிற் பெரும்பாலானோர் அக்கருத்தை ஏற்கவில்லை. நாம் இங்கு மொழி உறவைப் பேசவில்லை. ஒரே வினாவுக்கு இரு இனங்கள் எவ்வாறு விடை கண்டன என்பதையே பேசுகின்றோம். அதற்கு இரத்த உறவு தேவையில்லை.

கொன்பியூசியஸ் யார்?

கொன்பியூசியஸ் என்று மேல்நாட்டார் அழைக்கும் சீனப் பேரறிஞர் கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்தவர் என்பது மரபு. சீனாவின் சாந்துங் மாநிலத்திலுள்ள சூபு என்னும் ஊர் அவர் பிறந்த இடமாகப் போற்றப்படுகின்றது. அவர் கூறியவற்றை மாணாக்கர் வழிவந்தோர் தொகுத்த நூல் 20 பகுதிகளைக் கொண்டது. தமிழில் அதனை 'உரைக்கோவை' எனலாம். மனிதரிடத்து அன்பு, முறையான ஒழுகலாறு, பெற்றோரைப் பேணல், கல்வியில் இடையறாத ஊக்கம், ஆள்வோனுக்கு முதலில் வேண்டியது நல்லொழுக்கம் என்பன அதன் அடிப்படைக் கருத்துக்களாகும்.

திருக்குறளைப் பயின்ற நம் மாணவர்க்கு இவை புதியன அல்ல. அன்புடைமை, ஒழுக்கமுடைமை, மக்கட்பேறு, கல்வி, இறைமாட்சி என்னும் அதிகாரங்களை நினைவுகூர்ந்தால் இரு பேரறிஞரின் நெருக்கம் புலப்படும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவரின் நூல் தமிழரின் மொழியிலேயே பிறந்தது. கொன்பியூசியசின் நூலோ யப்பானியருக்குக் கடல் கடந்து, வேற்று மொழியில், வேற்று எழுத்தில் வந்து சேர்ந்தது.

யப்பான் பெற்றதும் மறுத்ததும்

712ஆம் ஆண்டில் நிறைவுற்ற 'கோசிக்கி' என்னும் யப்பானியரின் மிகப் பழைய வரலாற்று நூல், கொரியத் தீபகற்பத்திலிருந்த பெக்சே அரசிலிருந்து வானி என்னும் அறிஞர் உரைக்கோவையைக் கொண்டுவந்தார் எனக் கூறுகின்றது. இது மரபுவழிச் செய்தி. அதன் காலம் பற்றி ஆய்வாளர்க்கு ஐயம் உண்டு. எனினும் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெக்சே அரசு சீன மறைநூல்களிற் புலமை மிக்க ஆசிரியர்களை யப்பானுக்கு அனுப்பியமையை 720இல் முடிவுற்ற 'நிகோன் சோக்கி' என்னும் வரலாறு குறிப்பிடுகின்றது. ஆகவே, யப்பானியருக்குச் சீன நூலறிவை முதலிற் கொடுத்தவர்கள் கொரியர் என்பதை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இச்செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

603ஆம் ஆண்டில் யப்பானிய அரசவையில் பன்னிரு பதவிநிலைகள் வகுக்கப்பட்டன. அவற்றுக்குச் சூட்டப்பட்ட பெயர்கள் அறம், அன்பு, ஒழுகலாறு, நம்பகம், நேர்மை, அறிவு என்னும் கொன்பியூசிய நற்பண்புகளின் பெயர்களே. மறு ஆண்டு, அதாவது 604இல், இளவரசர் சோத்தோக்கு இயற்றியதாகக் கூறப்படும் பதினேழு விதிகள் வெளியாயின. அவற்றுள் முதல் விதி இணக்கத்தை வலியுறுத்துகின்றது. இரண்டாம் விதியோ பௌத்தத்தின் மும்மணிகளைப் போற்றுமாறு கூறுகின்றது. இவ்வாறு, சீன அறமும் இந்தியாவிற் பிறந்த சமயமும் ஒரே ஆவணத்தில் அருகருகே அமர்ந்தன.

இவ்வளவையும் பெற்றுக்கொண்டவர்கள் சீனப் பேரரசுக்கு அடங்கி நின்றார்களா? 607ஆம் ஆண்டு யப்பானியத் தூதுவர் சீனாவுக்குக் கொண்டுசென்ற ஓலையில், தம் மன்னரைக் கதிரவன் உதிக்கும் நாட்டின் வேந்தர் என்றும், சீனப் பேரரசரைக் கதிரவன் மறையும் நாட்டின் வேந்தர் என்றும் குறித்து, இருவர்க்கும் ஒரே சிறப்புப் பட்டத்தை வழங்கியிருந்தனர். சீனப் பேரரசர் சினங்கொண்டார் எனச் சீன வரலாறே பதிவுசெய்துள்ளது. மிகுதியாகக் கற்றுக்கொண்ட அதே காலத்திலேதான் யப்பானியர் தம்மைச் சமநிலையில் வைத்துப் பேசத் தொடங்கினர். 'கதிரவன் தோன்றும் இடம்' எனப் பொருள்படும் 'நிகோன்' என்னும் நாட்டுப் பெயரும் அந்நூற்றாண்டின் இறுதியையொட்டியே வழக்குக்கு வந்தது. அப்பெயரை எழுதுவதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவை சீன எழுத்துக்களே என்பது கருதத்தக்கது.

630 முதல் 838 வரை யப்பானியத் தூதுக்குழுக்கள் தாங் வமிசத்தார் ஆண்ட சீனாவுக்குச் சென்று கற்றுவந்தன. எனினும் கற்ற அனைத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. அறம் தவறிய அரச குலத்தை வானமே நீக்கி வேறொரு குலத்தை அமர்த்தும் என்பது சீனர் கொள்கை. யப்பானியர் இதனை ஏற்காமல், ஒரே அரச மரபு என்றும் தொடரும் என்ற தம் நம்பிக்கையைக் காத்தனர். சீனாவில் தேர்வின் வழியாக அரச பதவிகளை அடையலாம். யப்பானிலோ குடிப்பிறப்பே பெரிதும் முந்தியது. ஆகவே, அவர்கள் மறுத்தவை யாவும் மேன்மையானவை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை.

எழுத்தில் அவர்கள் செய்தது மிக நுட்பமானது. சீன எழுத்து யப்பானிய மொழியின் விகுதிகளையும் வேற்றுமை உருபுகளையும் எழுதுவதற்கு ஏற்றதன்று. எனவே, 9ஆம் நூற்றாண்டளவில் சீன எழுத்துக்களைச் சுருக்கி, ஒலிகளைக் குறிக்கும் 'கானா' எழுத்துக்களை உருவாக்கினர். கற்றோர் ஆடவர் சீனத்தில் எழுதிக்கொண்டிருக்க, அரசவைப் பெண்கள் கானாவில் எழுதினர். அவர்களுள் ஒருவரான முராசாக்கி சிக்கிபு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'கெஞ்சி கதை' இன்று உலக இலக்கியமாகப் போற்றப்படுகின்றது. இரவல் எழுத்தைத் தம் நாவுக்கு ஏற்ப மாற்றியதால் விளைந்த பயன் அதுவாகும்.

"நாம் யார்?" என்ற கேள்வி

1603 முதல் 1868 வரை தொக்குகாவா ஆட்சி நிலவியது. ஹயாசி ராசான் (1583–1657) முதலிய அறிஞர்களால் கொன்பியூசியக் கல்வி அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றது. அப்போது, கற்றவர் நடுவே ஒரு தடுமாற்றம் தோன்றியது. சீன நூலே உயர்ந்ததெனில், சீனாவே உலகின் நடுநாடு எனில், நாம் யார் என்பதே அது. யாமகா சோக்கோ என்பவர் 1669இல் எழுதிய நூலில், 'நடுநாடு' என்ற பெயர் யப்பானுக்கே பொருந்தும் என வாதிட்டார். அவர் பயன்படுத்திய அளவுகோலும் கொன்பியூசிய அளவுகோலே.

மோத்தோரி நோரினாகா (1730–1801) வேறு வழியிற் சென்றார். கோசிக்கி நூலுக்கு 1764 முதல் 1798 வரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் உழைத்து 44 பகுதிகளில் பேருரை எழுதினார். சீன மனப்பாங்கை அகற்றிவிட்டு முன்னோர் உள்ளத்தைக் காணவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால், இளமையில் கியோத்தோ நகரில் அவர் நூலறிவு பெற்றது ஹோரி கெய்சான் என்ற கொன்பியூசிய ஆசிரியரிடமே. பழஞ்சொல்லின் பொருளை அதன் காலத்தில் வைத்து ஆராயும் முறையையும் கொன்பியூசிய அறிஞர்களே அந்நாட்டில் வளர்த்திருந்தனர். பிறர் தந்த கல்வியே தம் நூலைத் தேடும் கண்ணைத் திறந்தது என்பது இங்கே புலனாகும்.

தமிழர் கண்ட விடை

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். பழந்தமிழ்க் கல்வெட்டுக்களிற் காணப்படும் தமிழ்ப் பிராமி எழுத்து, அசோகர் கல்வெட்டுக்களிலும் காணப்படும் பிராமி எழுத்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் ழ, ள, ற, ன ஆகிய தமிழொலிகளுக்கு அதிலே தனி வடிவங்கள் உண்டு. பல மொழிகளுக்குப் பொதுவான ஓர் எழுத்துக் குடும்பம் தமிழரின் நாவுக்கு ஏற்பத் தமிழெழுத்தாக அமைந்தது.

தொல்காப்பியம் இந்நெறியைச் சொல்லிலும் விதியாக்கியது. செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கும் ஆசிரியர், வடசொல் வரலாகாது எனக் கதவை அடைக்கவில்லை. வடமொழிக்கே உரிய எழுத்துக்களை நீக்கித் தமிழ் எழுத்தால் அமையுமாயின் அது செய்யுளில் வரலாம் என்றார். வருபவரை வரவேற்று, வீட்டின் ஒழுங்கை அவர்க்கு உணர்த்தும் நல்ல இல்லறத்தாரின் பண்பு இது.

அந்நூலுக்குப் பனம்பாரனார் அளித்த சிறப்புப் பாயிரம், வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லையாகத் தமிழ் வழங்கும் நிலத்தைக் குறிக்கின்றது. அந்நிலத்தை அக்காலத்தில் ஒரே மன்னன் ஆளவில்லை. சேரரும் சோழரும் பாண்டியரும் தம்முட் போரிட்டுக்கொண்டிருந்தனர். ஆயினும், ஒரு மொழியைப் பேசுவோர் ஓர் உலகத்தார் என்ற உணர்வு அங்கே இருந்தது. யப்பானியரின் தன்னுணர்வு அரச மரபைச் சுற்றி வளர்ந்தது. தமிழரின் தன்னுணர்வோ மொழியைச் சுற்றி வளர்ந்தது. இவ்வேறுபாட்டை மாணவர் நன்கு மனங்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 133 அதிகாரங்களும் 1330 குறட்பாக்களும் உள்ளன. அவற்றுள் ஓரிடத்திலேனும் 'தமிழ்' என்ற சொல் இல்லை. எந்த மன்னன் பெயரும் இல்லை. ஓர் இனத்தின் பெயரைக் கூறாத நூலே அவ்வினத்தின் முகமாக விளங்குகின்றது. ஐம்பெருங்காப்பியங்களுள் மணிமேகலை பௌத்த நூல். சீவகசிந்தாமணி சமண நூல். நாம் இன்றும் பயிலும் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் சமணர். தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவர் இத்தாலியிற் பிறந்த கிறித்தவத் துறவி. உமறுப்புலவரின் சீறாப்புராணம் இசுலாமியர் தந்த செல்வம். இவற்றுள் எதனை நீக்கினாலும் தமிழ் குறைவுபடும்.

நோரினாகாவின் வரலாற்றை ஒத்த நிகழ்வு நம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) வெஸ்லியன் மிசனரிமாரின் ஆங்கிலப் பாடசாலையில் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர். அங்கே அறிந்த பாடசாலை முறையையும் அச்சுக்கலையையும் உரைநடையையும் கொண்டே சைவத்தையும் தமிழையும் வளர்த்தார். 1861இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அமெரிக்க மிசனரிமாரின் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர். கறையான் அரித்த ஏடுகளைத் தேடி வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றை அவர் அச்சேற்றினார். உ. வே. சாமிநாதையர் (1855–1942) 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் வெளியிட்டார். சைவ மரபிற் கற்ற அவர், சிந்தாமணியின் பொருள் விளங்குவதற்காகச் சமணர்களை நாடிக் கேட்டறிந்தார். பிறரிடம் கேட்பதற்கு நாணாதவர்களாலேயே நம் முன்னோரின் நூல்கள் நமக்கு மீண்டன.

இந்த ஜேர்மன் மண்ணும் கீழ்த்திசை அறமும்

நாம் வாழும் இந்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1706இல் தரங்கம்பாடிக்குச் சென்ற சீகன்பால்கு, 1708இல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா என்னும் மூன்று தமிழ் நீதிநூல்களை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். அவரது பணிக்குத் துணைநின்ற ஹால நகரிலே, 1721இல் கிறிஸ்தியான் வொல்ப் என்னும் தத்துவப் பேராசிரியர், கிறித்தவ வேதத்தை அறியாத சீனரும் தம் பகுத்தறிவால் உயர்ந்த அறத்தைக் கண்டனர் எனக் கொன்பியூசியசைப் புகழ்ந்து உரையாற்றினார். அதனால் எழுந்த பகையின் விளைவாக 1723இல் பிரசிய மன்னர் அவரை 48 மணி நேரத்துள் வெளியேறுமாறும், தவறினால் தூக்கிலிடப்படுவார் எனவும் ஆணையிட்டார். அவருக்குப் புகலிடம் அளித்தது நமது ஹெசன் மாநிலத்தில் இன்றுள்ள மார்புர்க் பல்கலைக்கழகமாகும். பிறரிடத்தும் அறம் உண்டு என்று கூறியதற்காக ஒருவர் ஊரை இழந்தார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1856இல் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜேர்மன் மொழியில் வெளியிட்டார். 1910இல் ரிச்சார்ட் வில்கெல்ம் கொன்பியூசியசின் உரைக்கோவையை ஜேர்மன் மொழிக்குத் தந்தார். 1925இல் அருகேயுள்ள பிராங்பேர்ட்டில் சீன ஆய்வகத்தை நிறுவினார். நம் டார்ம்ஸ்டாட் நகரிலோ, 1920இல் ஹெர்மன் கைசர்லிங் 'மெய்யறிவுப் பள்ளி' ஒன்றைத் தொடங்கினார். வில்கெல்ம் அங்கு உரையாற்றியிருக்கின்றார். அப்பள்ளியின் அழைப்பையேற்று 1921 யூன் மாதத்தில் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் டார்ம்ஸ்டாட்டுக்கு வந்து தங்கிச் சொற்பொழிவாற்றினார். நம் பிள்ளைகள் நாள்தோறும் நடக்கும் இத்தெருக்கள் கீழ்த்திசை அறிஞரை முன்பே கண்டவை.

பெருமிதம் வெறியாகும் போது

தாகூர் டார்ம்ஸ்டாட்டுக்கு வருமுன், 1916இல் யப்பானுக்குச் சென்றிருந்தார். அங்கே அவர் தேசியவெறியைக் கண்டித்துப் பேசினார். முதலில் ஆரவாரத்துடன் வரவேற்ற யப்பானியர் பலர், அவ்வுரையைக் கேட்டபின் மனம் மாறினர். அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 1890இல் வெளியான யப்பானியப் பேரரசரின் கல்வி ஆணை, பெற்றோரைப் பேணல், உடன்பிறந்தார் அன்பு, நட்பில் நேர்மை எனும் கொன்பியூசிய அறங்களை எடுத்துக்கூறி, இறுதியில் அவற்றை அரசுக்காக உயிர்கொடுக்கும் கடமையோடு பிணைத்திருந்தது. பாடசாலைகள்தோறும் அது பயபக்தியுடன் வாசிக்கப்பட்டது. ஆள்வோனே முதலில் ஒழுக்கமுடையவனாக இருத்தல் வேண்டும் என்ற கொன்பியூசியசின் எச்சரிக்கை மறைந்து, ஆளப்படுவோரின் கீழ்ப்படிவு மட்டும் எஞ்சியது.

1910இல் யப்பான் கொரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1938க்குப் பின்னர் பாடசாலைகளிற் கொரிய மொழிக் கல்வி ஒடுக்கப்பட்டது. 1940 முதல் கொரியர் தம் பெயர்களை யப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். எந்த மக்கள் நூலும் ஆசிரியரும் அனுப்பி அறிவு தந்தார்களோ, அந்த மக்களின் பிள்ளைகளுக்கே தாய்மொழி மறுக்கப்பட்டது. பெற்ற கடனை மறந்த இனப்பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1948இல் யப்பானியப் பாராளுமன்றம் அக்கல்வி ஆணை செல்லாதென அறிவித்தது. 1933 முதல் 1945 வரை இந்த ஜேர்மன் நாடு அடைந்த வீழ்ச்சியை நம் மாணவர் தம் பாடசாலை வரலாற்று நூலிலே படிக்கின்றனர்.

மொழியின் பொருட்டு இழிவும் இழப்பும் கண்டு இங்கு வந்தவர்கள் நாம். ஆகையால், நம் பிள்ளைகளுக்கு மொழிப்பற்றைக் கற்பிக்கும் போதே, பிறர் மொழியை இகழாத பண்பையும் சேர்த்தே கற்பிக்கும் கடமை நமக்குண்டு.

முடிவுரை

அன்பார்ந்த பெற்றோரே! பிள்ளைகள் ஜேர்மன் மொழியிற் சிறப்படைவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிற மொழிக் கல்வி நாவலரையும் தாமோதரம்பிள்ளையையும் தமிழிலிருந்து பிரித்துவிடவில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்றுண்டு. கற்றதைத் தன்மயமாக்குவதற்குத் தம்மிடம் ஒரு மொழி வேண்டும். கானா எழுத்தைச் சமைத்தவர்களுக்கு வீட்டிலே பேசிய யப்பானிய மொழி இருந்தது. வடசொல்லுக்கு விதி வகுத்த தொல்காப்பியருக்கு முப்பது எழுத்தொலிகளையும் திருத்தமாக ஒலித்த மக்கள் இருந்தனர். வீட்டில் தமிழ் ஒலிக்காவிடின், வார இறுதி வகுப்பு மட்டும் அதனைக் காத்துவிட மாட்டாது. உணவுண்ணும் வேளையிலேனும் தமிழிற் பேசுங்கள். பிள்ளை பிழையாகப் பேசினால் நகையாது திருத்துங்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் தமிழரா, ஜேர்மனியரா என்று எவரேனும் வினவினால் தயங்க வேண்டாம். இரண்டு மொழியிலும் அறநூலைப் படித்து, எது மெய் என்று எடைபோடத் தெரிந்தவர் என்று சொல்லும் தகுதியைத் தேடிக்கொள்ளுங்கள். யார் வாயிலாகக் கேட்டாலும் பொருளின் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியதும் அதுவே.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. யப்பானியர் சீனரிடமிருந்து ஏற்றவை இரண்டையும் ஏற்காதவை இரண்டையும் எழுதுக.

2. வடசொற்களைத் தமிழில் ஏற்பதற்குத் தொல்காப்பியர் விதித்த நெறி யாது? இன்று நாம் வழங்கும் ஜேர்மன் சொற்கள் மூன்றை அந்நெறிப்படி தமிழில் எழுதிப் பார்க்க.

3. நோரினாகாவுக்கும் ஆறுமுக நாவலருக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றினைக் கூறுக.

4. 'தமிழ்' என்ற சொல் இடம்பெறாத திருக்குறள் தமிழரின் முகமாக விளங்குவது எங்ஙனம்? உம் பெற்றோருடன் உரையாடிப் பத்து வரிகளில் எழுதுக.